ஒரே கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) இத்தனை வகை நினைவக ஹார்டுவேரை எப்படிச் சமாளிக்கிறது?

ஒரு புரோகிராம் கேட்கும் நினைவக முகவரி வேறு, ராமில் அந்தத் தரவு நிஜமாக உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. இடையில் பிராசசருக்குள் இருக்கும் எம்எம்யூ என்ற பகுதி, எந்த முகவரி ராமின் எந்தப் பக்கத்தில் (நினைவகத்தைப் பிரிக்கும் சம அளவுத் துண்டு) என்று குறித்திருக்கும் பேஜ் டேபிளைப் பார்த்து முகவரியை மாற்றிக் கொடுக்கிறது. இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். அதிகம் பேசப்படாத விஷயம், அந்த டேபிள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் பிராசசர் செய்பவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போனதே இல்லை என்பதுதான்.

பழைய 32 பிட் இன்டெல் பிராசசரில் அது இரண்டு அடுக்கு மரம் (மேல் டேபிள் கீழ் டேபிள்களைக் காட்டும்), பக்கம் 4 கேபி. வாக்ஸ் கணினியில் பக்கம் வெறும் 512 பைட், டேபிள் நீளமான ஒரே பட்டியல். 1 ஜிபி பகுதி முழுவதற்கும் டேபிள் போட்டால் டேபிளே 8 எம்பி பிடித்துவிடும். மிப்ஸ் பிராசசரோ டேபிளைப் படிக்கவே படிக்காது. சமீபத்தில் மாற்றிக் கொடுத்த முகவரிகளை நினைவில் வைக்கும் டிஎல்பி என்ற சின்ன சேமிப்பில் முகவரி இல்லையென்றால் கெர்னலைக் கூப்பிட்டு 'நீயே நிரப்பு' என்று விட்டுவிடும். ஐபிஎம் ஆர்டி பிசி இன்னும் விசித்திரம், தலைகீழ் டேபிள்: ராமில் உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு வரிதான், அதனால் ஒரு பக்கத்தை ஒரு நேரத்தில் ஒரே ஒரு முகவரியில்தான் காட்ட முடியும்.

இத்தனைக்கும் பொதுவாக ஒரு இன்டர்ஃபேஸ் எழுதுவது எப்படி? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாக் கெர்னலை உருவாக்கிய ரிச்சர்ட் ரஷீத், ஏவி டெவேனியன் முதலானோர் 1987-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு பதில் இருக்கிறது, எனக்கு இன்றும் அதுதான் மிக அழகான பதிலாகத் தெரிகிறது. எந்த முகவரியில் எந்தத் தரவு, யாருக்கு என்ன உரிமை என்ற முழுக் கணக்கையும் ஹார்டுவேர் சாராத பொது அடுக்கே வைத்துக்கொள்ளும். ஹார்டுவேர் சார்ந்த வேலை எல்லாம் பிமேப் என்ற ஒரே பகுதிக்குள் அடங்கிவிடும்: இந்த முகவரிக்கும் ராம் பக்கத்துக்கும் இணைப்பைப் போடு, எடு, உரிமையைக் குறை, அவ்வளவுதான் அதற்கு வரும் கட்டளைகள். மூலப் பத்திரம் பொது அடுக்கிடம், பிமேப்பிடம் இருப்பது ஜெராக்ஸ். தொலைந்தாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கெர்னலின் சொந்த இணைப்புகள் மாதிரி சிலவற்றைத் தவிர, பிமேப் எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறியலாம். புரோகிராம் அந்த முகவரியைத் தொடும்போது ஃபால்ட் வரும், அதாவது இணைப்பு இல்லை என்று பிராசசர் கெர்னலைக் கூப்பிடும், கெர்னல் பொது அடுக்கைப் பார்த்து மறுபடி நிரப்பும்.

இந்தச் சுதந்திரம்தான் ஆர்டி பிசியைக் காப்பாற்றியது. இரண்டு புரோகிராம்கள் ஒரே பக்கத்தைப் பகிர்ந்தால், ஒன்று தொடும்போது மற்றதன் இணைப்பை பிமேப் கழற்றிவிடும், அது தொடும்போது இதைக் கழற்றும். கேட்கவே மெதுவாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் சாதாரண புரோகிராம்களில் இப்படி நடப்பது அரிது என்றும், பக்கங்களைப் பகிர்வதையே தவிர்த்த அதே இயந்திரத்தின் இன்னொரு யுனிக்ஸைவிட மாக் வேகமாக ஓடியது என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது. பொது அடுக்குக்கு இந்தக் கூத்து எதுவுமே தெரிய வேண்டியதில்லை.

லினக்ஸ் நேர் எதிரான வழியில் போனது. அங்கே எல்லா ஹார்டுவேருக்கும் பொதுவான புரோகிராம் கோடே 'டேபிள் என்றால் மரம்' என்று வைத்துக்கொண்டு அந்த மரத்தில் நேரடியாக ஏறி இறங்குகிறது. 1990-களின் நடுவில் ஆல்ஃபா பிராசசருக்குப் போனபோது மூன்று அடுக்கு, 2005-ல் 2.6.11 பதிப்பில் நான்கு, 2017-ல் ஐந்து. நான்கு அடுக்கில் முகவரி 48 பிட், அதாவது 256 டிபி (டெராபைட்). ஐந்தில் 57 பிட், 128 பிபி (பெட்டாபைட்). இத்தனை அடுக்கு இல்லாத பிராசசரில் என்ன செய்வது? இல்லாத அடுக்கை மடித்துவிடுவார்கள். அந்த அடுக்குக்கான ஃபங்ஷன் தனக்கு வந்த பாயின்டரையே திருப்பிக் கொடுக்கும், கம்பைலர் அதை அடியோடு நீக்கிவிடும், வேகத்தில் இழப்பில்லை.

சரி, மரமே இல்லாத ஹார்டுவேர்? பவர்பிசி பிராசசரில் இருந்தது ஹாஷ் டேபிள், அதாவது முகவரியிலிருந்து கணக்கிட்ட இடத்தில் தேடும் பட்டியல். அங்கே லினக்ஸ் தன் மரத்தை மூலமாக வைத்துக்கொண்டு ஹாஷ் டேபிளை ஃபால்ட் வரும்போதெல்லாம் நிரப்பியது. மாக்கின் யோசனை வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்த மாதிரிதான் இது, ஆனால் ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைத்துப் பராமரிக்கும் செலவு உண்டு. மரம் உள்ள ஹார்டுவேரில் லினக்ஸின் வழியில் இந்த இரட்டை வேலை இல்லை. பெரும்பாலான பிராசசர்கள் மரத்தையே தேர்ந்தெடுத்ததால் அந்தப் பந்தயம் பலித்தது என்பது என் கருத்து. 2017-ல் வந்த பவர்9-ல் ஐபிஎம்மே மர டேபிளையும் சேர்த்தது.

இன்டர்ஃபேஸ் எழுதும்போது இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். ஒரு இணைப்பை நீக்கினால் பிராசசரின் மற்ற கோர்களின் (ஒவ்வொன்றுக்கும் தனி டிஎல்பி) டிஎல்பியில் உள்ள பழைய நகலையும் அழித்தாக வேண்டும், இல்லையென்றால் வேறு யாருக்கோ கொடுத்த பக்கத்தில் பழைய புரோகிராம் எழுதிவிடும். ஆர்ம்64 பிராசசரில் எல்லாக் கோர்களுக்கும் போய்ச் சேரும் ஒரு கட்டளையே இருக்கிறது. இன்டெல், ஏஎம்டியின் எக்ஸ்86-ல் வழக்கமாக ஒவ்வொரு கோருக்கும் இன்டரப்ட் அனுப்பி அழிக்கச் சொல்ல வேண்டும். அதனால் லினக்ஸின் பொதுக் கோடு 'இந்த முகவரி வரம்பை அழி' என்று மட்டும் கேட்கும், எப்படி என்பதைச் சொல்லாது, அதுவும் பல நீக்கங்களைச் சேர்த்து ஒரே முறையாக.

இப்போது ரிஸ்க்-வி என்ற பிராசசர் வகையில் 64 பிட் லினக்ஸ் பூட் ஆகும்போது முதலில் ஐந்து அடுக்கைக் கேட்டு பிராசசரின் ரெஜிஸ்டரில் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கிறது. ஏற்கவில்லையென்றால் நான்கு, அதுவும் இல்லையென்றால் மூன்று. கம்பைல் செய்த கெர்னல் ஒன்றேதான், அடுக்குகளை மடிப்பது அந்த நொடியில் முடிவாகிறது.