மஞ்சள் கடுதாசி அடமானத்தைக் கரைக்காது

சென்ற வாரம் ஒரு தம்பதி என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் எட்டு விசைத்தறிகள் ஓட்டிக்கொண்டிருந்தவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். துணிக்கடைப் பையிலிருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துப் பத்திரப்படுத்திய மஞ்சள் தாளை எடுத்து என் மேசைமேல் விரித்தார். கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனுவின், அதாவது ஐ.பி.யின் நோட்டீஸ். கடன் கொடுத்த பதினான்கு பேரின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது பெயரின்மேல் விரலை வைத்தார். “பாங்கையும் சேர்த்துத்தான் ஐ.பி. போட்டிருக்கிறோம் சார். அப்புறம் எப்படி அவர்கள் வீட்டை ஏலம் விடலாம்?”

ஏல அறிவிப்பு பத்திரிகையில் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதற்கு முன்பே பாக்கியைக் கட்டச் சொல்லி வங்கியின் 60 நாள் நோட்டீஸ் வந்திருக்கிறது, பிரிக்கவே இல்லை. பிறகு வீட்டை வங்கி தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், கிழித்துப் போட்டுவிட்டார். கதவின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். காய்ந்த பசையில் தாளின் ஒரு மூலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் அதிகாரியின் கையெழுத்தில் பாதி தெரிந்தது. மனு எழுதிக் கொடுத்தவர், “நம்பர் ஆகிவிட்டது, இனி வீட்டை யாரும் தொட முடியாது” என்று சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பத்து மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டில் இதே கேள்வியோடு என் முன்னால் உட்கார்ந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். ஐந்து பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் எந்தச் சட்டம் என்று சொல்லிவிடுகிறேன். சென்னை மாநகருக்கு 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரங்கள் நொடிப்புச் சட்டம். மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 2016இல் புதிய திவால் சட்டம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். அதில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தறிக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் இன்னும் நூறாண்டு பழைய சட்டம்தான்.

அந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது. நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்துவிட்டால், அவர் சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ, அந்தச் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரியான அபிஷியல் ரிசீவரிடமோ போய்விடும். கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தின்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. மனு எழுதிக் கொடுப்பவர்கள் இதுவரை படித்துக் காட்டுகிறார்கள். அதே பிரிவின் ஆறாவது உட்பிரிவைப் படித்துக் காட்டுவதில்லை. ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர், அந்த ஈட்டை விற்றோ வேறு வழியிலோ தன் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையை இந்தப் பிரிவில் உள்ள எதுவும் பாதிக்காது என்று அது சொல்கிறது. 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலும் இதே பாதுகாப்பு உண்டு.

இதைப் புரியவைக்க நான் படும் பாடு கொஞ்சமல்ல. ஆகவே இன்னொரு முறை, வேறு விதமாகச் சொல்கிறேன். புரோநோட்டு வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தவர் உங்களை நம்பினார். நீங்கள் நொடித்துப்போனால் அவர் நம்பிக்கையும் நொடித்துப்போகிறது. இருப்பதைப் பங்கிட்டுக்கொள்ளும் வரிசையில் அவர் போய் நிற்க வேண்டும். வங்கி நம்பியது உங்கள் வீட்டை. நீங்கள் மூலப்பத்திரத்தை ஒப்படைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தும் போட்டு வந்த அன்றைக்கே அந்த வீட்டின்மேல் ஒரு பாரம் ஏறிவிட்டது. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அந்தப் பதிவு இருக்கும். நீங்கள் நொடித்தாலும், ஊரைவிட்டுப் போனாலும், ஏன், இறந்தே போனாலும் பாரம் வீட்டின்மேல்தான் இருக்கும். வீடு ரிசீவர் கைக்குப் போகும்போது அந்தப் பாரத்தோடுதான் போகிறது. உங்களிடம் என்ன இருந்ததோ அதுதான் அவருக்குக் கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

“பாங்கின் பெயரையும் பட்டியலில் சேர்த்தோமே” என்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும், யார் பெயரையும் மறைக்கக் கூடாது. ஆனால் சேர்த்ததால் அடமானம் சாதாரணக் கடனாகிவிடாது. வங்கி வழக்கறிஞர் வந்து, “எங்களுக்கு ஈடு இருக்கிறது, நாங்கள் வெளியே நிற்கிறோம்” என்று சொன்னால் போதும். வழக்குப் போடாமலே ஈட்டை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டப்படி வங்கி எடுக்கும் நடவடிக்கை அது பாட்டுக்கு நடக்கும். வங்கியே ஈட்டை விட்டுக்கொடுத்து மற்றவர்களோடு வரிசையில் நிற்கவும் சட்டத்தில் இடமுண்டு. இத்தனை ஆண்டுகளில் ஒரு வங்கியும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். மஞ்சள் கடுதாசி போனதும் கைமாற்றுக் கொடுத்தவர்களும் வாரவட்டிக்காரர்களும் வாசலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வீடு அமைதியாகிவிடுகிறது. வங்கியும் அப்படித்தான் நின்றுவிடும் என்று குடும்பம் நினைத்துக்கொள்கிறது. வங்கி வாசலுக்கு வந்து சத்தம் போடாது, அவ்வளவுதான். பதிவுத் தபாலில் வரும். அந்தத் தபாலைத்தான் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவைக்கிறீர்கள்.

அமெரிக்காவில் மகன் இருக்கும் ஒரு பெரியவர், அங்கே மனுப் போட்ட அன்றே வீட்டு ஏலம் நின்றுவிடும் என்று என்னிடம் வாதாடினார். மகன் சொன்னது சரிதான். அங்கே மனு தாக்கலானதுமே தானாகவே தடை வந்துவிடும். அந்த நாட்டுத் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்தின் கீழ் நிலுவைத் தவணைகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கட்டி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழியிருக்கிறது. ஆனால் அங்கேயும் தவணை கட்டாமல் கடன் விடுதலை மட்டும் வாங்கினால் அடமானம் அழியாது. 1992இல் டியூஸ்னப் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டின் மதிப்பு கடனைவிடக் குறைந்துபோயிருந்தாலும் தவணைத் திட்டம் இல்லாமல் கடன் விடுதலை தரும் 7ஆம் அத்தியாயத்தில் அடமானத்தை அந்த மதிப்புக்குச் சுருக்க முடியாது என்றே சொல்லிவிட்டது. நம் பழைய சட்டத்தில் அந்தத் தடையும் இல்லை, அந்தத் தவணைத் திட்டமும் இல்லை. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு இங்கே மனுப் போடாதீர்கள்.

இனிமேல் சொல்வதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஐ.பி. மனு வங்கியின் கையைக் கட்டுவதில்லை. உங்கள் கையைக் கட்டிவிடுகிறது.

அந்தத் தறிக்காரரின் கணக்கையே பாருங்கள். நல்ல நாளில் வீடு 60 லட்சம் போகும். வங்கிக்கு அப்போது 32 லட்சம் பாக்கி. மற்ற பதின்மூன்று பேருக்கும் சேர்த்து 19 லட்சம். பத்து மாதங்களுக்கு முன் அவரே ஆள் பார்த்து, வங்கியிடம் பேசி, வீட்டை விற்றிருந்தால் எல்லாக் கடனும் அடைந்து, கையில் 9 லட்சம் நின்றிருக்கும். ஒரு வாடகை வீடும் நான்கு தறியும் பிடித்து மறுபடி தொடங்கியிருப்பார். இன்று ஏலத்தில் 45 லட்சம் கிடைத்தாலே பெரிது. பத்து மாத வட்டியும் செலவும் சேர்ந்து வங்கிக் கணக்கு ஏறியிருக்கிறது. வங்கி எடுத்ததுபோக மிஞ்சுவதும், அவர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், ரிசீவர் வழியாக மற்றவர்களுக்குத்தான் போகும்.

“இன்னும் அறிவிக்கவில்லையே, இப்போது விற்கலாமா?” என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அறிவிப்பு எப்போது வந்தாலும் மனுப் போட்ட தேதியிலிருந்தே செல்லும் என்று அதே 28ஆம் பிரிவு சொல்கிறது. ஊர் முழுக்க மஞ்சள் கடுதாசி போன பிறகு, எந்த வழக்கறிஞர் அந்த வீட்டை வாங்கலாம் என்று கருத்து எழுதிக் கொடுப்பார்? நான் கொடுக்க மாட்டேன்.

மகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் பிறகு மனுப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படிப் பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்ததை, எழுதிய இரண்டு ஆண்டுக்குள் மனு வந்தால், ரிசீவர் அதே 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். அடமானமோ மகள் பெயருக்கு மாறினாலும் வீட்டைத் தொடர்ந்தே போகும். மகளையும் வழக்கில் இழுத்துவிட்டதுதான் மிச்சம்.

ஜாமீன் போட்டவர்களுக்கும் இணைக் கடன்தாரருக்கும் இதில் விடுதலை இல்லை. கடன் வாங்கியவருக்கு நீதிமன்றம் முழு விடுதலை கொடுத்தாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு அப்படியே நிற்கும். அந்தத் தம்பதியில் மனைவியும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மனு கணவர் பெயரில் மட்டும். அந்த அம்மாவுக்கு இதை நான்தான் முதன்முதலில் சொன்னேன். கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதன்பின் அவர் பேசவே இல்லை.

ஐ.பி. மனுவே வீண் என்று நான் சொல்லவில்லை. ஈடில்லாத கடன்கள் கழுத்தை நெரிக்கும்போது, கைது வாரண்டு வரை போய்விட்டபோது, அது நேர்மையான ஆளுக்குச் சட்டம் கொடுத்த மூச்சு. வீட்டை விற்றும் வங்கிக் கடன் தீராமல் நின்றால், அந்த மீதிக்கு ஈடு இல்லை. நொடிப்பு நடவடிக்கையில் வங்கியும் அதற்காக மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். அதற்காகப் போடுங்கள், நானே போட்டுக் கொடுக்கிறேன். வீட்டைக் காப்பாற்ற என்று சொல்லிப் போடாதீர்கள்.

வீட்டைக் காப்பாற்றும் வழி வேறு இடத்தில் இருக்கிறது. 60 நாள் நோட்டீஸ் வந்ததும் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கணக்கில் தவறு இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். அடமானம் வைத்தது உண்மையிலேயே விவசாய நிலம் என்றால் சர்ஃபாசி சட்டம் அதற்குப் பொருந்தாது. அதையும் அப்போதே எழுதுங்கள். கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டினால், தயவுசெய்து கிழிக்காதீர்கள், படமெடுத்து வையுங்கள். 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் இருக்கின்றன. உள்ளூர் சிவில் நீதிமன்றத்தில் தடை கேட்டு அலைய வேண்டாம், அந்த வாசலைச் சட்டம் அடைத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான தேதி ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஏலம் முடியும் வரை பணத்தைக் கட்டி மீட்கலாம் என்ற பேச்சு இருந்தது. சர்ஃபாசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே முழுப் பாக்கியையும் செலுத்த வேண்டும்; உச்ச நீதிமன்றமும் 2023இல் இதை உறுதிசெய்துவிட்டது. வங்கி மேலாளர் “பார்த்துக்கொள்ளலாம்” என்று வாயால் சொன்னதை நம்பி அந்த நாளைத் தாண்டவிடாதீர்கள். ஒரே தவணையில் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் என்றால் கடிதமாக வாங்குங்கள். தனியாரிடம் பதிவு அடமானம் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு. பெரும்பாலும் அவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் விற்க முடியும். ஏலம் உறுதிசெய்யப்படும் வரை நீங்கள் பணத்தைக் கட்டி மீட்கலாம்.

தறிக்காரரின் வழக்கில் அந்த நாள் போய்விட்டது. மனைவிக்குத் தனியாக நோட்டீஸ் போயிருக்கிறதா, அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையே விதிப்படி நாள் விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு எனக்கு அந்தப் பழைய தபால்கள் வேண்டும். பாதி கிடைத்திருக்கிறது, மீதியை அலமாரியில் தேடுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் பிரிக்காத தபால் இருந்தால் இன்றே பிரியுங்கள். யாரிடம் ஆலோசனைக்குப் போனாலும் உறையைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள். தாளில் ஒரு தேதி இருக்கும், தபால் முத்திரையில் இன்னொரு தேதி இருக்கும். நாளை எண்ண இரண்டுமே வேண்டும்.