தாய் போடும் மனுவில் குழந்தைக்கு என்ன இருக்கிறது? குடும்ப வன்முறைச் சட்டம் 2005: ஒரு விளக்கம்

"பிள்ளைகளுக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்" என்று அடிபட்ட பெண் சொல்கிறார். "பிள்ளைகளுக்காகவாவது பொறுத்துப் போ" என்று பெற்றோரும் புகுந்த வீட்டாரும் காவல் நிலையத்தில் சமரசம் பேச வந்தவர்களும் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள 'குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005' இந்தக் கேள்விக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் சட்டத்தின் பெயரில் பெண்கள் மட்டுமே இருப்பதாலும், குழந்தைகளுக்கான ஏற்பாடுகள் தனி அத்தியாயமாக இல்லாமல் 18 முதல் 21 வரையிலான பிரிவுகளுக்குள் சிதறிக் கிடப்பதாலும், மனு எழுதும்போது அவை விட்டுப்போகின்றன. மனுவில் கேட்காத ஒன்றை நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) தாமாகத் தேடிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்திருக்க முடியாது என்பதால், எதை எந்தப் பிரிவில் கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் கணவரின் வன்முறைக்கு எப்போதாவது ஆளானதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் சுமார் 29 விழுக்காடு. தமிழ்நாட்டில் சுமார் 38 விழுக்காடு. நம் வீடுகள் பெரும்பாலும் ஓரறை, ஈரறை வீடுகள். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை தூங்கிவிட்டதாகப் பெரியவர்கள் நினைத்துக்கொண்டாலும், குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும்போது விழும் அடி குழந்தை மீதும் படுகிறது. பத்து வயதுப் பையன் குறுக்கே வந்து நின்றால் அவனுக்கும் விழுகிறது. அடி விழாவிட்டாலும், நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மறுபடி வருவது, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்பது, அம்மாவை விட்டு நகர மறுப்பது, தம்பி தங்கையை அதே வசைச்சொற்களால் திட்டுவது, படிப்பில் திடீரென்று பின்தங்குவது ஆகியவற்றை ஆசிரியர்களும் குழந்தை மருத்துவர்களும் அடிக்கடி பார்க்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவில் வெளியான குழந்தைப்பருவத் துன்ப அனுபவங்கள் பற்றிய பெரிய ஆய்வு, குழந்தையை நேரடியாகத் துன்புறுத்துவதோடு, தாய் அடிபடுவதைக் கண்டு வளர்வதையும் பிற்கால உடல்நலக் கேட்டோடு தொடர்புடைய அனுபவங்களில் ஒன்றாகவே கணக்கிட்டது. 'குழந்தைக்கு என்ன தெரியும்' என்பது பெரியவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

சட்டம் யாரைக் குழந்தை என்கிறது?

18 வயது நிறையாத எவரும் குழந்தையே. தத்துக் குழந்தை, கணவர் அல்லது மனைவியின் முந்தைய திருமணத்துக் குழந்தை, வளர்ப்புக் குழந்தை ஆகியோரும் இதில் அடங்குவர் என்று பிரிவு 2 சொல்கிறது. வன்முறை என்பதற்கும் சட்டம் விரிவான பொருள் தருகிறது. உடல் வன்முறையோடு, பாலியல் வன்முறை, வாய்ச்சொல்லாலும் மனத்தளவிலும் துன்புறுத்துதல், பொருளாதார ரீதியாக ஒடுக்குதல் ஆகியவையும் அதில் சேரும். பெண்ணுக்கும் அவருடைய குழந்தைகளுக்கும் வீட்டுத் தேவைக்கான பணத்தைத் தராமல் முடக்குவது பொருளாதார வன்முறை என்று பிரிவு 3-இன் விளக்கமே கூறுகிறது. ஆகவே கை நீட்டாத கணவர், பள்ளிக் கட்டணத்தைக் கட்டாமல் மனைவியைப் பணிய வைக்க முயன்றால், அதுவும் இச்சட்டத்தின்படி வன்முறையாகும்.

ஆனாலும் சட்டத்தின் மையத்தில் இருப்பவர் பெண்தான். குழந்தை அவர் வழியாகவே உள்ளே வருகிறது. இங்கிலாந்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு வன்முறையைக் கண்டும் கேட்டும் வளரும் குழந்தையையே பாதிக்கப்பட்டவர் என்று நேரடியாக அறிவிக்கிறது. நம் சட்டத்தில் அத்தகைய வாசகம் இல்லை, இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை தாயின் மனுவே குழந்தைக்கும் வாசல்.

மனுவில் எதைக் கேட்கலாம்?

மனுவுக்கான படிவத்தைச் சட்டத்தின் விதிகளே தந்திருக்கின்றன. அது இரண்டாம் படிவம். கோரும் நிவாரணங்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். குழந்தைகளின் பள்ளிக்குள் எதிர்மனுதாரர் (யார் மீது மனு போடப்படுகிறதோ அவர்) நுழையக் கூடாது என்ற கோரிக்கை, வன்முறையைத் தடுக்கும் பாதுகாப்பு உத்தரவுக்கான பகுதியில் இருக்கிறது. பண நிவாரணத்துக்கான பகுதியில் உணவு, உடை, மருந்து ஆகியவற்றுக்கு ஒரு வரியும், பள்ளிக் கட்டணமும் அதைச் சார்ந்த செலவுகளும் என்று தனியாக ஒரு வரியும் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் மாதத்துக்கு எவ்வளவு என்று தொகையை எழுத வேண்டும். அவசரத்தில் எழுதப்படும் மனுக்களில் இந்த வரிகள் வெறுமையாக விடப்பட்டு, 'மாதம் இவ்வளவு ஜீவனாம்சம்' என்று மொத்தமாக ஒரு தொகை மட்டும் எழுதப்படுகிறது. கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம், வேன் செலவு, தனிவகுப்பு என்று பிரித்து எழுதி ரசீதுகளையும் இணைத்தால், எதிர்த்தரப்பு அதை மறுப்பது கடினமாகும். பிரிவு 20-இன்படி கிடைக்கும் இந்தத் தொகை, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவாகியுள்ள ஜீவனாம்சத்துக்கு மேலாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றில் பெறும் தொகையை மற்றொன்றில் மறைக்கக் கூடாது. ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த நாளிலிருந்தே வழங்கப்பட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. கணவர் பணம் கட்டாமல் இழுத்தடித்தால், அவருடைய சம்பளத்திலிருந்து நேரடியாகச் செலுத்தும்படி வேலை கொடுப்பவருக்கே நடுவர் உத்தரவிட முடியும்.

பள்ளித் தடையைப் பிரிவு 18-இன் கீழ் வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று பிரிவு 31 சொல்வது, பாதுகாப்பு உத்தரவையும் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவையும் பற்றித்தான். அந்த மீறல் ஜாமீனில் விட முடியாத குற்றம். காவல்துறை உடனே வழக்குப் பதிய முடியும். பள்ளி வாசலில் வந்து நின்று பிள்ளையை மிரட்டுபவரைத் தடுக்க இதைவிட வலுவான கருவி இச்சட்டத்தில் இல்லை. பாட்டி, தாய்மாமன், அடைக்கலம் கொடுத்த தோழி ஆகியோருக்குத் தீங்கு செய்வதைத் தடுக்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. பிரிவு 19-இன்படி வசிப்பிட உத்தரவு பிறப்பிக்கும்போது, குழந்தையின் பாதுகாப்புக்காகக் கூடுதல் நிபந்தனைகளையும் நடுவர் விதிக்கலாம்.

பிரிவு 21 குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைப் பற்றியது. வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணை அச்சுறுத்தும் முதல் வாக்கியம் 'நீ போ, பிள்ளையை விட்டுவிட்டுப் போ' என்பதாகத்தான் இருக்கும். பாதுகாப்பு உத்தரவுக்கோ வேறு நிவாரணத்துக்கோ மனு நிலுவையில் இருக்கும் எந்தக் கட்டத்திலும், குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கும்படி நடுவர் ஆணையிடலாம். தந்தை குழந்தையைப் பார்ப்பதற்கான ஏற்பாட்டையும் அவர் வகுக்கலாம். ஆனால் அந்தச் சந்திப்பு குழந்தையின் நலனுக்குக் கேடாகலாம் என்று நடுவர் கருதினால், அனுமதியை மறுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'மறுக்கலாம்' என்று சொல்லவில்லை. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் என்று வழக்கமாக எழுதிக்கொடுக்கப்படும் ஏற்பாடு, பிள்ளையைக் கைமாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில் மறுபடி வன்முறைக்கு வழி திறக்கக்கூடும் என்பதை வழக்கறிஞர் எடுத்துச் சொல்ல வேண்டும். முழுவதும் மறுக்கப்படாவிட்டாலும், நீதிமன்ற வளாகம் போன்ற பொது இடத்தில், மூன்றாம் நபர் முன்னிலையில் சந்திப்பு நடக்க வேண்டும் என்று கேட்கலாம். நிரந்தரப் பொறுப்பு இந்த நடுவர் தீர்மானிப்பது அன்று. அதற்குக் குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

குழந்தைக்கு நேர்ந்ததை எப்படி எழுதுவது?

'என் பிள்ளைகளும் மிகவும் பாதிக்கப்பட்டுள்ளனர்' என்ற ஒற்றை வரியோடு பல மனுக்கள் நின்றுவிடுகின்றன. அந்த வரியை வைத்துக்கொண்டு நடுவர் எதையும் முடிவு செய்ய இயலாது. 'இந்தத் தேதி இரவு கணவர் என்னை அடித்தபோது ஏழு வயது மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அந்த வாரம் முழுவதும் இரவில் அலறி எழுந்தாள். அரசு மருத்துவமனையில் காட்டினோம்' என்று எழுதினால், வருகைப் பதிவேடும் புறநோயாளிச் சீட்டும் சாட்சியாக நிற்கும். இச்சட்டத்தின்படி பெண்ணுக்கு உதவ அரசு நியமித்துள்ள பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் முதல் படிவமான குடும்ப நிகழ்வு அறிக்கையில், எத்தனை குழந்தைகள், அவர்களின் பெயர், வயது, இப்போது யாரிடம் இருக்கிறார்கள் என்ற விவரங்களுக்கு இடம் உண்டு. அது சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்க வேண்டும். ஆனால் குழந்தையைச் சாட்சியாக முன்னிறுத்தி, 'அப்பா என்ன செய்தார், சொல்லு' என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒப்பிக்க வைப்பது குழந்தைக்கு இன்னொரு துன்பம். விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்று கேட்கப் பிரிவு 16-இல் இடமிருக்கிறது.

யாரிடம் போவது?

தமிழ்நாட்டில் பாதுகாப்பு அலுவலர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருப்பார். அவரிடம் போகாமல் நேராக நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலும் மனு கொடுக்கலாம். குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லை என்பதற்காக நிவாரணம் மறுக்கப்பட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறிவிட்டது. கணவரின் ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதும் இல்லை. தாய்வீட்டிலோ தோழியின் வீட்டிலோ தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும், மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கிறது. ஆகவே முதல் நாளிலேயே பிரிவு 23-இன்படி இடைக்கால உத்தரவைக் கேட்டுவிடுவது நல்லது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 என்ற எண்ணிலோ அணுகலாம்.

நள்ளிரவில் கிளம்ப நேர்ந்தால் பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கானது 1098, அவசரக் காவல் உதவிக்கு 112. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். வளர்ந்த ஆண் பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள வயது வரம்பு உண்டு என்பதால், பையன் பெரியவனாக இருந்தால் 181-இல் பேசும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்த பிறகு தாயும் மகனும் பிரிய நேர்வது கொடுமை. குழந்தையே நேரடியாகத் தாக்கப்பட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவும், பாலியல் துன்புறுத்தல் என்றால் போக்சோ சட்டமும் பொருந்தும். அவை தனி வழக்குகள். அவற்றோடு மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவையும் அணுகலாம்.

தாய் மட்டுமே புகார் சொல்ல வேண்டும் என்பதில்லை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்று பிரிவு 4 உறுதி தருகிறது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கதவை மூடிக்கொள்ளும் பக்கத்து வீட்டாரும், ஒரே குழந்தை அடிக்கடி விடுப்பு எடுப்பதைக் கவனிக்கும் வகுப்பாசிரியரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர் மாறிய பிறகு பள்ளி

கல்வியாண்டின் நடுவில் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணிடம் பள்ளியில் முதலில் கேட்பது மாற்றுச் சான்றிதழ். பழைய பள்ளிக்குப் போய் அதை வாங்கவோ அப்பாவின் கையெழுத்தைப் பெறவோ அவரால் முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்த இடத்தில் துணை நிற்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைக்கு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவும், ஆண்டு தொடங்கிவிட்டது என்பதற்காகவும் மறுக்கக் கூடாது. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பள்ளியில் தரப்பட்ட எமிஸ் எண் (மாணவர் பதிவு எண்) ஆகியவற்றின் நகல் கையில் இருந்தால் வேலை எளிதாகும். இல்லை என்றால் தலைமையாசிரியரிடம் நிலைமையை எழுத்தில் கொடுத்துச் சேர்க்கை கேட்கலாம்.

நடுவரின் உத்தரவு நகல் இலவசமாகவே கிடைக்கும். வழக்கின் தரப்பினருக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் அதை அனுப்ப வேண்டிய பொறுப்பு நீதிமன்றத்துடையது. பள்ளிக்கு அது தானாகப் போய்ச் சேராது. தாயே இரண்டு நகல் எடுத்து, ஒன்றைத் தலைமையாசிரியரிடமும், வேனில் போகும் பிள்ளையாக இருந்தால் மற்றொன்றை வேன் ஓட்டுநரிடமும் கொடுத்து, பிள்ளையை யாரோடு அனுப்பலாம், யாரோடு அனுப்பக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டு வர வேண்டும்.