செரிஃப்: தமிழில் முனைக்கோடு

ரோமன் எழுத்தின், அதாவது ஆங்கிலம் எழுதும் எழுத்தின், பெரிய ‘ஐ’ (I) நேராக நிற்கும் ஒரு தண்டுதான். அதன் தலையிலும் காலிலும் குறுக்கே ஓடும் சின்னக் கோடுதான் செரிஃப். எழுத்துரு முழுவதையும் ‘செரிஃப்’ என்பது பேச்சுவழக்கு; சொல் குறிப்பது அந்தக் கோட்டை மட்டுமே.

‘செரிஃப்’ என்ற சொல் டச்சு மொழியின் ‘ஸ்க்ரேஃப்’ என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பரவலான கருத்து. அதற்குக் கோடு, கீற்று என்று பொருள். கோடு பழையது, பெயர்தான் புதியது. ரோமில் கி.பி. 113இல் எழுந்த டிராஜன் தூணின் கல்வெட்டிலேயே இந்த முனைகள் உண்டு. கல்லில் வெட்டுவதற்கு முன் தட்டைத் தூரிகையால் எழுதியதில் பிறந்தவை இவை என்று அமெரிக்க எழுத்துக்கலைஞர் எட்வர்ட் கேட்டிச் 1968இல் எழுதினார். இக்கோடு இல்லாத அச்செழுத்தை லண்டன் அச்செழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் கேஸ்லன் 1816இல் வெளியிட்டபோது வைத்த பெயர் ‘எகிப்தியன்’! ‘சான்ஸ் செரிஃப்’ (செரிஃப் இல்லாதது) என்ற பெயரை 1832இல் இன்னொரு லண்டன் வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் பயன்படுத்தினார்.

தமிழில் ‘குஞ்சம்’ என்றால் அலங்காரம் மட்டுமே தெரிகிறது. ‘பாதம்’ என்றால் தலைக்கோடு விடுபடுகிறது. முனைக்கோடு என்பதே பொருந்தும், மூலச்சொல்லின் ‘கோடு’ம் அதில் நிற்கிறது. சான்ஸ் செரிஃப் முனைக்கோடிலி. தடித்த செவ்வக முனை கட்டைமுனை, ஆப்பு போன்றது ஆப்புமுனை, மீன்வாலாய்ப் பிளந்தது பிளவுமுனை.

தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் பெரிதாகப் போடும் பழைய பாணி செரிஃப் எழுத்துரு ‘விண்டேஜ் டிஸ்ப்ளே செரிஃப்’. இதைப் பழம்பாணித் தலைப்பெழுத்து எனலாம். ‘அலங்கார’ என்ற அடைமொழி சேர்க்க வேண்டியதில்லை, முனைக்கோடே அங்கு அலங்காரம்தான். 1827இல் டேரியஸ் வெல்ஸ் நியூயார்க்கில் மர அச்செழுத்துகளை இயந்திரத்தால் குடையத் தொடங்கிய பிறகு சுவரொட்டி எழுத்து பெரிதாகி, முனைகள் சுருண்டு, பிளந்து, நடுத்தண்டில் முள்ளும் முளைத்தது. இன்றைய எழுத்துருக்கள் பல அந்தச் சுவரொட்டிகளின் வாரிசுகள்.

பத்தி எழுத்தாக இந்தத் தலைப்பெழுத்தைப் போட்டால் ஏன் கெடுகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. மெல்லிய கோட்டின் தடிப்பு எழுத்தளவில் ஆயிரத்தில் 12 பங்கு என்று வைப்போம். 72 புள்ளியில் (புள்ளி என்பது அச்செழுத்தின் அளவு, ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) அது 0.86 புள்ளி, கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 12 புள்ளியில் 0.14 புள்ளிதான். அச்சில் 0.25 புள்ளிக்குக் கீழே போனால் கோடு அறுந்து அறுந்து விழும். கரும்பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் நிலைமை இன்னும் மோசம்: சுற்றியுள்ள மை பரவிக் கோட்டை அடைத்துவிடும். அங்கே 0.5 புள்ளியாவது வேண்டும். எனவே வெள்ளைத் தாளில் 36 புள்ளிக்கும் கரும்பின்னணியில் 42 புள்ளிக்கும் குறையாமல், ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு.

பெரிய அளவில் எழுத்திடைவெளியைச் சற்று இறுக்கலாம், முனைகள் முட்டாதவரை. சிற்றெழுத்து ‘ஆர்’, ‘என்’ இரண்டும் நெருங்கினால் ‘எம்’ ஆகிவிடும். இந்த இணையைக் கையால் விலக்குங்கள். வால்வீச்சு மாற்றெழுத்து, அதாவது வால் நீண்டு சுழலும் மாற்று வடிவம், ஒரு சொல்லில் ஒன்று போதும். எல்லாவற்றிலும் போட்டால் சொல்லையே படிக்க முடியாது.

தமிழ் எழுத்தில் ரோமன் பாணி முனைக்கோடு மரபாக இல்லை. ‘செரிஃப்’ என்ற பெயரோடு வரும் தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் நாம் பார்ப்பது தடிப்பு–மெலிவு வேறுபாடு. இருமொழித் தலைப்பில் ரோமன் எழுத்துக்குத் துணை தேடும்போது அந்த வேறுபாட்டைத்தான் ஒப்பிட வேண்டும். ‘க’வின் தலையில் குறுக்குக்கோடு ஒட்டவைப்பது வேண்டாத வேலை.