குழாய் வந்த ஊரிலும் ஊருணி வேண்டும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலாடி, முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டால் பல இடங்களில் உவர் நீர்தான் வரும். குடிப்பதற்கென்றே மழைநீரைத் தேக்கும் ஊருணியை ஊர்தோறும் முன்னோர் வெட்டிவைத்த காரணம் இதுதான். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நடக்கும் தொலைவு பல ஊர்களில் குறைந்தது உண்மை. ஆனால் குழாய் வந்த கையோடு ஊருணியைக் கைவிட்டதுதான், ஊருணிச் சீரமைப்புப் பணியில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கவலை தருகிறது.

நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் தண்ணீர், வழியில் ஓரிடத்தில் குழாய் உடைந்தாலும் மின்சாரம் நின்றாலும் வராது. அப்போது முதலில் வறள்வது குழாயின் கடைக்கோடியில் இருக்கும் காலனிகள்தான். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கை லாரித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. நிலமும் மோட்டாரும் உள்ளவர்களுக்கு இது ஓர் அசௌகரியம் மட்டுமே.

ஊருணி எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. 500 பேர் உள்ள ஊரில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால், எட்டு மாதத்துக்கு 12 லட்சம் லிட்டர் போதும். நாற்பது மீட்டர் நீள அகலமுள்ள ஊருணியில் அதே காலத்தில் ஒரு மீட்டர் நீரை வெயில் குடித்தாலே 16 லட்சம் லிட்டர் போய்விடும். அதாவது ஊர் குடிப்பதைவிட வெயில் குடிப்பது அதிகம். ஆகவே பரப்பு அகலமாக இருப்பதைவிட ஆழம் இருப்பதே நல்லது.

இங்கேதான் இயந்திரத்தை இறக்கும் ஒப்பந்தக்காரர்கள் சறுக்குகிறார்கள். அடியிலுள்ள களிமண் படுகைதான் நீரைத் தாங்குகிறது. அதைத் தாண்டி வெட்டினால் நல்ல நீர் கீழே இறங்குவதோடு, நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடங்களில் உவர் ஊற்று மேலேயும் வந்துவிடும். ஒருமுறை தூர்வாரும் இடத்தில் நின்ற பெரியவர் ஒருவர், பொக்லைன் அள்ளிய மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்து, "களி முடியப் போகுது தம்பி, இதோட நிறுத்தச் சொல்லுங்க, இல்லன்னா கரிச்சிரும்" என்றார். மண் உருண்டை விரலுக்கிடையில் உதிரத் தொடங்கியிருந்தது. மண் பரிசோதனை அறிக்கைக்குக் காத்திருக்காமல் அன்றே வேலையை நிறுத்தினோம்.

மழை இப்போது சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை மறக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில், ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் சீமைக் கருவேலம் மண்டியோ வீட்டுமனையாகியோ கிடந்தால், ஊருக்குள் வெள்ளம் நிற்கும், ஊருணி காலியாகவே இருக்கும். நிரம்பி மிஞ்சும் நீர் வெளியேறும் கலிங்கு அடைபட்டிருந்தால் கரையும் போகும். எனவே கரையில் நடைபாதையும் மின்விளக்கும் அமைக்கும் முன் வரத்துக்காலை அளந்து மீட்க வேண்டும். செலவு குறைவு, சச்சரவு அதிகம் என்பதால் இந்த வேலைதான் எப்போதும் தள்ளிப்போகிறது.

புரட்டாசி முடிவதற்குள் வரத்துக்கால், வரும் நீரிலுள்ள மண் படியும் வண்டல் தொட்டி, கலிங்கு மூன்றையும் பார்த்துவிடுங்கள். குளிப்பதும் மாடு இறங்குவதும் கூடாது. தேத்தாங்கொட்டை உரைத்துவிட்டால் கலங்கல் தெளியும். ஆனால் கிருமி சாகாது, கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.