ஒளிவினையூக்கி: சொல்லும் பொருளும்

ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலைக் கொண்டு ஒரு வேதிவினையை விரைவுபடுத்தி, வினை முடிந்தபின் தான் செலவழியாமல் எஞ்சி நிற்கும் பொருளே ஒளிவினையூக்கி. ‘ஃபோட்டோகேட்டலிஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இணையாகத் தமிழில் இது வழங்குகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, பிஸ்மத் வனடேட் ஆகியவை இவ்வகைப் பொருள்கள். நீரில் கலந்துவிட்ட நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளைச் சிதைக்கும் ஆய்வுகளில் இச்சொல் இன்று மிகுதியாகப் பயில்கிறது.

ஆங்கிலச் சொல்லின் இரு கூறுகளும் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. ‘ஃபோட்டோ’ ஒளியைக் குறிக்கும். ‘கேட்டலிசிஸ்’ என்பதற்கு அவிழ்த்தல், தளர்த்தல் என்பது மூலப்பொருள். பின்னதை 1835இல் வேதியியலுக்குள் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சிலியஸ். ஒளியையும் வினையூக்கத்தையும் இணைத்த சொல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புழக்கத்தில் இருந்தாலும், உலகின் கவனம் அதன்மேல் விழுந்தது, டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளக்க இயலும் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் காட்டிய பின்னரே. அதே பொருளின் துகள்களைக் கொண்டு நீரிலுள்ள சயனைடை ஆக்சிஜனேற்றம் செய்யலாம் என்பதை ஃபிராங்க், பார்ட் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்டனர்.

தமிழ்ச் சொல்லின் வேர் ‘ஊக்கு’ என்னும் வினை. ஊசலைத் தள்ளி ஆட்டிவிடுவதைக் கலித்தொகை ஊக்குதல் என்றே சொல்கிறது. வினையை ஊக்குவது வினையூக்கி. ஒளியால் இயங்கும் வினையூக்கி ஒளிவினையூக்கி. ஆகவே இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. சிலர் சுருக்கமாக ‘ஒளியூக்கி’ என்று எழுதுகின்றனர். அது ஒளியை ஊக்குவது என்று பொருள்பட்டுவிடும் என்பதால் தவிர்ப்பதே நல்லது. ‘ஒளிச்சிதைவு’ என்பதும் வேறு: எந்த ஊக்கியும் இன்றி, ஒளி நேரடியாகப் பட்டு மூலக்கூறு உடைவதே அது. ‘வினைவேக மாற்றி’ என்னும் பாடநூல் வழக்கு பிழையன்று. எனினும் வேகத்தைக் குறைப்பதையும் அது உள்ளடக்கும் என்பதால் இவ்விடத்துக்கு ‘ஊக்கி’யே பொருத்தம்.

இச்சொல்லுக்கு இன்று உள்ள தேவையை ஐதராபாத்தை அடுத்த பட்டன்சேரு காட்டுகிறது. அங்கு மருந்து ஆலைகளின் கழிவுநீரைப் பெற்றுச் சுத்திகரித்த பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பி இருந்ததாக 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மருந்து உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அது பல மடங்கு அதிகம். சுத்திகரிப்பைக் கடந்து வந்த நீரின் நிலையே இதுவென்றால், வழக்கமான உயிரியல் முறை மட்டும் போதாது என்பது தெளிவு. அம்முறையில் உழைக்கும் பாக்டீரியாக்களையே கொல்ல வல்ல மருந்து இது. தப்பிப் பிழைப்பவை மருந்துக்கு அடங்காத இனங்களாகப் பெருகும் என்பதே பெரிய அச்சம்.

ஒளிவினையூக்கி வேலை செய்யும் வழி வேறு. அது ஒரு குறைக்கடத்தி, அதாவது மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருள். போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் கட்டுண்டிருக்கும் இணைதிறன் பட்டையிலிருந்து ஓர் எலக்ட்ரான், தடையின்றி நகரக்கூடிய கடத்துப் பட்டைக்குத் தாவ, பின்னால் நேர்மின் துளை ஒன்று உண்டாகிறது. துளை நீருடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பையும், எலக்ட்ரான் கரைந்துள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து சூப்பர் ஆக்சைடையும் தருகின்றன. தீவிரமாக வினைபுரியும் இவை மருந்தின் மூலக்கூறைத் தாக்குகின்றன. சிப்ரோஃப்ளாக்சசினில் பெரும்பாலும் பிப்பரசின் என்னும் நைட்ரஜன் கொண்ட வளையப் பகுதியே முதலில் உடைகிறது. எலக்ட்ரானும் துளையும் வினைபுரியும் முன்பே மீண்டும் இணைந்துவிட்டால் உறிஞ்சிய ஒளி வெப்பமாக வீணாகும். ஆய்வாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி இந்த இணைவைத் தடுப்பதிலேயே செல்கிறது.

‘ஒளி’ என்னும் முன்னொட்டு எந்த ஒளியைக் குறிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அனடேஸ் என்னும் படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது அவ்விரு பட்டைகளுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு, சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதை இயக்க ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். சூரிய ஒளியில் அது ஏறத்தாழ 5 விழுக்காடே. அதனால்தான், இடைவெளி குறைவாக இருப்பதால் கண்ணுக்குப் புலப்படும் ஒளியிலேயே இயங்கும் பொருள்களை, அதாவது சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கொண்ட பிஸ்மத் வனடேட், 2.7 கொண்ட கார்பன் நைட்ரைடு போன்றவற்றை நாடுகிறார்கள். இவற்றைக் ‘கட்புல ஒளிவினையூக்கி’ என்று பிரித்துச் சொல்வது தெளிவு தரும்.

இத்துறையில் எழுதுவோர் ‘அகற்றல்’ என்னும் சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருந்து துகளின் மேற்பரப்பில் வெறுமனே ஒட்டிக்கொண்டாலும் நீரில் அதன் அளவு குறையும். அது ‘பரப்புக் கவர்ச்சி’. மூலக்கூறு உடைந்தால் ‘சிதைவு’. ஆனால் உடைந்த துண்டுகளில் மருந்தின் செயலுக்கு அடிப்படையான குயினலோன் கருப்பகுதி எஞ்சியிருந்தால் பாக்டீரியாவைத் தாக்கும் திறனும் எஞ்சக்கூடும். சிப்ரோஃப்ளாக்சசினின் 17 கார்பன் அணுக்களும் கார்பன் டை ஆக்சைடாக மாறி, ஃப்ளூரின் ஃப்ளூரைடு அயனியாக வெளியேறி, நைட்ரஜனும் கனிம அயனிகளாகும் நிலைக்கே ‘கனிமமாதல்’ என்று பெயர். அதை அறிய மருந்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனையும் அளக்க வேண்டும்.