வண்டி எந்த வளைவில் வருகிறது?

நீலகிரியில் கட்டபெட்டு பக்கத்தில் இருக்கிற எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) வழியாக, குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வண்டி நாளுக்கு நான்கு நடைதான். காலை முதல் வண்டியை விட்டுவிட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். ஜூலையில் மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஸ்டாப்பில் நிற்பவர்கள் காதைத்தான் நம்புவார்கள். கீழ் வளைவில் செகண்ட் கியர் போடும் உறுமல் கேட்டதும் கேரட் மூட்டை தோளுக்கு ஏறிவிடும். உறுமல் கேட்காத நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம் கேட்பார்: "ஏங்கண்ணு, மொத வண்டி போயிருச்சா, இன்னும் வரலையா?"

பேருந்து எங்கே என்று காட்டும் செயலிகள் எல்லாமே பாட்டியின் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகின்றன. மலையில் அந்தப் பதிலைக் கண்டுபிடிப்பது சமவெளியைவிடக் கடினம். ஏன் என்று பார்ப்போம்.

வண்டியில் ஒரு ஜி.பி.எஸ். கருவி இருக்கும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றின் குரலும் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள்கள் போதும் என்று தோன்றும். ஆனால் கருவியின் சொந்தக் கடிகாரம் மலிவானது. அதன் பிழையைத் திருத்த நான்காவது ஒன்று தேவை. அந்தக் கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும்.

நம் கண்ணை மறைக்கிற மேகமூட்டம் இந்த ரேடியோ அலையை மறைப்பதில்லை. அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். மூடுபனியின் நீர்த்துளியோ தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. அலை அதைக் கண்டுகொள்ளாமல் வந்துவிடும். உண்மையான தடை மலைதான். ஒரு பக்கம் செங்குத்தான பாறை நின்றால் வானத்தில் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதியிலிருந்து வரும் அலைகளில் சில பாறையில் மோதித் திரும்பி வரும். அவை கொஞ்சம் கூடுதலாகப் பயணம் செய்திருப்பதால் கருவி ஏமாந்துபோகும். திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும் அதே கருவி, பாறை ஓரத்தில் பல மீட்டர் தள்ளிச் சொல்லும்.

நேரான சாலையில் இது பெரிய விஷயமில்லை. கொண்டை ஊசி வளைவில் பெரிய விஷயம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். வரைபடத்தில் பார்த்தால் மேல் சாலையும் கீழ் சாலையும் ஒட்டியே கிடக்கும். புள்ளி சற்று விலகினால், மேலே வரும் வண்டி கீழே வந்துவிட்டதாகக் கணினி நினைத்துக்கொள்ளும்.

அதனால் நல்ல மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் தனியாக நம்புவதில்லை. மழையில் நனைந்து மங்கிய கடிதத்தை நாம் எப்படிப் படிக்கிறோம்? ஓர் எழுத்து தெரியாவிட்டால் முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளை வைத்து ஊகிக்கிறோம். அதேபோல் இதுவும் வரிசையாகப் பல புள்ளிகளை எடுத்துக்கொண்டு, எந்தச் சாலையில் போயிருந்தால் இத்தனையும் பொருந்தும் என்று தேடுகிறது. பேருந்து வளைவைச் சுற்றாமல் சரிவில் குதித்து அடுத்த சாலைக்கு வர முடியாது என்ற எளிய உண்மையே இதற்குப் பெரிய துணை.

அப்புறம் சிக்னல். வண்டிக்கு இடம் தெரிந்தாலும், அதை அனுப்ப செல்போன் கோபுரம் எட்ட வேண்டுமே. சோலைக்காட்டுக்குள்ளும் பள்ளத்தாக்கிலும் அது எட்டாது. கருவி தகவலைச் சேர்த்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அதுவரை வண்டி எங்கே என்று கணினி ஊகித்தாக வேண்டும். பழைய நாட்களில் அந்தத் துண்டுச் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதே அதற்கு ஆதாரம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. மே மாத சீசன் நெரிசலுக்கு இன்னொரு கணக்கு.

ஊகிப்பதில் தவறில்லை. ஊகம் என்று சொல்லாமல் காட்டுவதுதான் தவறு. நான் வைத்திருந்த ஒரு செயலியில் வண்டியின் படம் அழகாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. "12 நிமிடம்" என்றது. உண்மையில் வண்டி எங்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் போயே விட்டிருந்தது. சிக்னல் இல்லாத நேரத்தில் கால அட்டவணைப்படி அந்தப் படத்தை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்று எனக்குப் போனது ஒன்றரை மணி நேரம். மருத்துவமனைக்கு டோக்கன் வாங்கக் கிளம்பியிருந்த பாட்டிக்கு அன்றைய டோக்கனே போய்விட்டது.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, எந்த நேரத்தைக் காட்டுவது என்ற முடிவை. ஓர் உதாரணக் கணக்கு: இருபது நாட்களில் வண்டி 7:02க்கும் 7:19க்கும் இடையே வந்திருக்கிறது, சராசரி 7:09. செயலி 7:09 என்று காட்டினால் ஏறக்குறைய பாதி நாள் நாம் போவதற்குள் வண்டி போயிருக்கும். பத்து நாள், தலா ஒன்றரை மணி நேரம், மொத்தம் 15 மணி நேரம் வீண். 7:03 என்று காட்டினால் சராசரியாக 6 நிமிடம் நிற்போம், இருபது நாளுக்கும் சேர்த்து 2 மணி நேரம். நடுவில் ஒரு நாள் தவறினால்கூட நமக்கு லாபம்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் பெருநகரத்தில் சராசரி சரி. நாளுக்கு நான்கு நடை உள்ள ஊரில் முந்திய நேரத்தைத்தான் காட்ட வேண்டும்.

காத்திருப்பது மனதுக்குள் நீளும் என்பதும் அளந்து பார்த்த விஷயம். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பயணிகளிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வில், வண்டி நிலவரம் தெரியாமல் நின்றவர்கள் உண்மையில் நின்றதைவிட அதிக நேரம் நின்றதாகச் சொன்னார்கள். போனில் நிலவரம் பார்த்தவர்களுக்கு அப்படி நீளவில்லை.

சரி, பாட்டியிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அவருடைய பட்டன் போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். "டி" என்பது இரண்டு. அந்த 70க்குள் என்ன சொல்லலாம் என்று ஒரு நாள் எழுதிப் பார்த்தேன்:

கோத்தகிரி வண்டி 7:03-7:15. 6:41க்கு குன்னூர் தாண்டியது.

இடைவெளியெல்லாம் சேர்த்து 55. வண்டி எப்போதிலிருந்து எப்போதுக்குள் வரும், கடைசியாக உறுதியாகத் தெரிந்தது எங்கே, எத்தனை மணிக்கு என்று எல்லாமே அதில் வந்துவிட்டது. பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "ஏழு மணிக்கு வெளிய வந்தா போதும்னு சொல்லு" என்றார்.