அரசு மருத்துவமனையின் தரச் சான்றும் நர்ஸ்களின் வேலையும்: சித்தூர் தாலூகா தமிழருக்கு ஒரு விளக்கம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் இரண்டு திசை. கிழக்கே போனால் பொள்ளாச்சி, கோயம்புத்தூர். மேற்கே போனால் சித்தூர், பாலக்காடு. எந்தப் பக்கம் போனாலும், அரசு மருத்துவமனை என்றால் அதன் தரத்தை ஒரே அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். தேசியத் தர உறுதித் தரநிலைகள் என்பது அதன் பெயர், சுருக்கமாக என்.க்யூ.ஏ.எஸ். மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் இதைக் கொண்டுவந்தது. சான்று வாங்கிய மருத்துவமனைகள் அதை வாசலிலோ கண்காணிப்பாளர் அறையிலோ மாட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சான்றுக்கான மதிப்பெண்ணில், வார்டில் படுத்திருக்கும் நோயாளி சொல்லும் பதிலுக்கும் பங்கு உண்டு. நம் ஊரில் இது பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் நோயாளிக்கும் நல்லது, நர்ஸுக்கும் நல்லது. அதனால் இந்தத் தரநிலையில் நர்ஸ்களின் வேலையைப் பற்றிய பகுதியை மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

மருத்துவமனையை எட்டுக் கோணங்களில் பார்க்கிறார்கள். என்னென்ன சேவை கிடைக்கிறது, நோயாளியின் உரிமைகள், கட்டடம், ஆள், மருந்து போன்ற வசதிகள், துணைச் சேவைகள், சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, கடைசியாக இவற்றால் கிடைத்த பலன். ஒவ்வொன்றின் கீழும் நிறையச் சின்னச் சின்னக் கேள்விகள். முழுதாகச் செய்தால் 2, பாதி செய்தால் 1, செய்யாவிட்டால் 0.

விடை கண்டுபிடிக்க மதிப்பீட்டாளருக்கு நான்கு வழிகள் தந்திருக்கிறார்கள். நின்று கவனிக்கலாம், ஊழியரிடம் கேட்கலாம், பதிவேட்டைப் புரட்டலாம், நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் கேட்கலாம். எந்தக் கேள்விக்கு எந்த வழி என்று பட்டியலிலேயே குறித்திருக்கும். "வெளியில் மருந்து வாங்கச் சொன்னார்களா?", "உங்களுக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்று சொன்னார்களா?" போன்றவை நேராக நம்மிடமே வரும் கேள்விகள்.

முதலில் மருத்துவமனை தன்னைத் தானே மதிப்பிட்டுப் பார்க்கும். அப்புறம் மாநில அளவில் ஒரு மதிப்பீடு, அதன்பின் தேசிய அளவில். மொத்தத்தில் குறைந்தது 70 சதவீதம் எடுக்க வேண்டும். ஒரு பிரிவில் அள்ளிவிட்டு இன்னொன்றில் கோட்டை விடவும் முடியாது, எட்டு கோணங்களிலும் தனித்தனியாக 70 வேண்டும். சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுக்கு ஒருமுறை மாநில அரசு சரிபார்க்கும். சான்று பெற்ற மாவட்ட மருத்துவமனைக்குப் படுக்கை ஒன்றுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்ற கணக்கில் ஊக்கத்தொகை உண்டு. 100 படுக்கை என்றால் ஆண்டுக்கு 10 லட்சம். அதில் ஒரு பங்கு ஊழியர்களுக்கும் போகலாம்.

நர்ஸின் வேலையைப் பற்றி என்ன சொல்கிறது?

சிகிச்சைப் பிரிவில் நர்ஸிங் பராமரிப்புக்கென்றே தனித் தரநிலை ஒன்று இருக்கிறது. அது ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது. நோயாளி யார் என்று சரியாக அடையாளம் காண்பது, சிகிச்சைத் திட்டப்படி நேரத்துக்கு வேலை நடப்பது, ஷிப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைப்பது, எழுதி வைப்பது, நோயாளியின் நிலையை அவ்வப்போது பார்ப்பது. படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். உயிர் போகிற தவறுகள் பலவும் நடப்பது இந்தச் சாதாரணமான இடங்களில்தான்.

அடையாளம் காண்பதை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்து வார்டுகளில் ஒரே நேரத்தில் இரண்டு மாரியம்மாள் இருப்பது அதிசயமில்லை. இரண்டு பேருக்கும் வீட்டுப் பெயர் கிடையாது, ஓர் எழுத்து இனிஷியல் மட்டும்தான். கேஸ் ஷீட்டில் பெயர் மலையாளத்தில் இருக்கும். ஊசியோடு வருகிற நர்ஸ் "மாரியம்மாள்தானே?" என்று கேட்டால், இருவரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் மூன்றாவது ஆளும் தலையாட்டிவிடுவார். அதனால்தான் "உங்க பேர் என்ன?" என்று கேட்டு, நோயாளியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்று நர்ஸிங்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெயரோடு இன்னொரு அடையாளத்தையும் பார்க்க வேண்டும், ஐ.பி. எண்ணோ (உள்நோயாளியாகச் சேரும்போது தரும் எண்) வயதோ. படுக்கை எண்ணை அடையாளமாக எடுக்கக் கூடாது, ஏனென்றால் படுக்கை மாறும். கையில் கட்டும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு தடவையும் பேர் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் ஊசி போட வந்தால்தான் நாம் வாய் திறக்க வேண்டும்.

அடுத்தது ஷிப்ட் மாற்றம். எனக்கு இந்தத் தரநிலை முழுவதிலும் முக்கியமாகப் படுவது இதுதான். ஒப்படைப்புக்கென்று பதிவேடு இருக்க வேண்டும், ஒப்படைப்பு நோயாளியின் படுக்கையருகே நடக்க வேண்டும் என்கிறது விதி. மேஜையில் உட்கார்ந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? மதியம் ட்யூட்டி முடிகிற நர்ஸ், வருகிறவரிடம் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: "14-ம் பெட், சுகர். 12 மணிக்கு இன்சுலின் போட்டாச்சு. 4 மணிக்குத் திரும்ப சுகர் பார்க்கணும். கால் டிரெஸ்ஸிங் நாளைக்கு." மேஜையருகே இது முழுமையான தகவல்தான். இதையே படுக்கையருகே சொன்னால், பக்கத்தில் இருக்கும் மனைவி குறுக்கே வருவார்: "சிஸ்டர், அவர் பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டாரு, அதுவும் வாந்தி ஆயிடுச்சு." இன்சுலின் உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு வயிற்றில் இல்லை. 4 மணி வரை காத்திருக்கக் கூடாது, உடனே சுகர் பார்க்க வேண்டும். மேஜைப் பேச்சில் இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அதனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் துணைக்கு இருப்பவர் முடிந்தவரை படுக்கையருகே இருப்பது நல்லது. குறுக்கே பேசுகிறோமே என்று தயங்க வேண்டாம்.

வாய்மொழி உத்தரவும் இதே தரநிலையில் வருகிறது. ராத்திரி டாக்டர் போனில் ஒரு மருந்தும் அளவும் சொன்னால், நர்ஸ் அதை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, டாக்டர் சரி என்ற பிறகே கொடுக்க வேண்டும். நர்ஸுக்கு இது பாதுகாப்பு. நாளை ஏதாவது ஆனால், பழி அவர் தலையில் மட்டும் விழாது.

மருந்து கொடுப்பதற்குத் தனித் தரநிலை இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெபாரின், பிரசவ வார்டில் பயன்படும் மக்னீசியம் சல்பேட் மாதிரி, அளவு கொஞ்சம் தவறினாலும் ஆபத்தாகிற மருந்துகளை அடையாளம் கண்டு தனியாக வைக்க வேண்டும். அவற்றுக்கு உச்ச அளவு குறித்திருக்க வேண்டும். பல தடவை எடுக்கிற மருந்துப் புட்டி என்றால் திறந்த தேதி எழுத வேண்டும், ஒவ்வொரு தடவையும் புது ஊசியால்தான் எடுக்க வேண்டும். ஒருவருக்கென்று உடைத்த ஆம்பியூலில் (ஊசி மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) மிச்சம் இருந்தால் அதை இன்னொருவருக்குப் போடக் கூடாது.

கை கழுவுவது, குப்பையை நிறம் பார்த்துப் பிரிப்பது எல்லாம் தொற்றுத் தடுப்புப் பிரிவில் வரும். உயிரி மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள் இருக்கின்றன. நோயாளியின் பக்கம் ஒன்றே ஒன்று: சாப்பாட்டுப் பொட்டலத்தை மஞ்சள், சிவப்பு வாளிகளில் போடாதீர்கள்.

ஆள் எண்ணிக்கை

இத்தனையும் செய்ய வார்டில் ஆள் வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்குப்படி, மாணவர்களுக்குக் கற்பிக்கும் மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்றப் பொது மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது பணியிடக் கணக்கு, எந்த நேரமும் வார்டில் நிற்கிறவர்களின் கணக்கு அல்ல. 30 படுக்கை வார்டுக்கு 5-க்கு 1 என்றால் 6 பேர். மூன்று ஷிப்டுக்குப் பிரித்தால் ஒரு நேரத்தில் இரண்டே பேர். அதுவும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருந்தால்தான். தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கும் நோயாளிகள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அதனால் ஹெட் நர்ஸின் வேலை இங்கே மிகப் பெரியது. யாரை எந்த ஷிப்டில் போடுவது, புதிதாக வந்தவரைத் தனியாக ராத்திரி ட்யூட்டியில் விடாமல் அனுபவசாலியோடு சேர்ப்பது, மோசமான நிலையில் இருக்கும் நோயாளிகளை மேஜைக்குப் பக்கத்துப் படுக்கைகளுக்கு மாற்றுவது எல்லாம் அவர் கையில். வார்டில் தவறு நடந்தால் ஒரு நர்ஸைத் திட்டிவிட்டு விஷயத்தை முடித்துவிடுகிறோம். அன்றைக்கு எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

மதிப்பீட்டாளர் வந்து கேட்கும்போது நம் ஆட்களில் பாதிப் பேர் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றுவிடுகிறார்கள். சிஸ்டருக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் "ராத்திரி கூப்பிட்டால் யாரும் வர நேரமாகுது, ஒரே ஒரு நர்ஸ்தான் இருக்காங்க" என்று உண்மையைச் சொன்னால் அது ஆள் பற்றாக்குறையாகப் பதிவாகும். இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று கேட்க மருத்துவமனைக்கு அது ஆதாரம். வார்டில் ஓடி ஓடி வேலை செய்கிற அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யக்கூடிய உதவி அது.

பிரசவ அறை

பிரசவ அறைக்கும் அதன் அறுவை அரங்குக்கும் லக்ஷ்யா என்று தனித் திட்டம் 2017 டிசம்பரில் வந்தது. 70 சதவீதம் எடுத்தால் வெள்ளி, 80 எடுத்தால் தங்கம், 90 எடுத்தால் பிளாட்டினம் என்று முத்திரை தருவார்கள். பிரசவிக்கும் பெண்ணுக்கு மறைப்பு வேண்டும், அவள் விரும்பும் ஒரு துணை கூட இருக்கலாம், யாரும் திட்டவோ அடிக்கவோ கூடாது என்பவை இதில் விதியாகவே இருக்கின்றன. அம்மாவோ மாமியாரோ கூட இருக்கலாமா என்று தைரியமாகக் கேளுங்கள்.

தமிழில் கேட்கலாம், தமிழில் எழுதலாம்

நோயாளிக்கான அறிவிப்புகள் அந்த ஊர் மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் இதே தரநிலையின் கேள்விகளில் ஒன்று. சித்தூர் தாலூகாவில் அந்த மொழிகளில் தமிழும் உண்டு என்று சொல்ல நமக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. மதிப்பீட்டாளர் மலையாளத்தில் கேட்டுப் புரியவில்லை என்றால், தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே நமக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். சித்தூர் தாலூகா அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி. தேவிகுளம், பீருமேடு தோட்டப் பகுதிகளில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும், திருவனந்தபுரத்தில் இருக்கும் சுகாதாரத் துறை இயக்குநருக்கும் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம்.

அவசரமாக ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கேரள சுகாதாரத் துறையின் திஷா உதவி எண் 1056 இருக்கிறது. மருத்துவமனை எடுத்த மதிப்பெண் என்ன, எந்தப் பிரிவில் குறைவு என்று தெரிந்துகொள்ளத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளுக்கு என்.க்யூ.ஏ.எஸ். பொருந்தாது. அவர்களுக்கு என்.ஏ.பி.எச். என்று வேறு சான்று உண்டு. கேரளத்தில் 2018-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியும் அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். நம் பக்கத்துப் பெண்கள் பலர் கோயம்புத்தூரில் நர்ஸிங் படித்துவிட்டு பாலக்காட்டில் வேலை தேடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல்: தமிழ்நாடு கவுன்சில் பதிவு மட்டும் போதாது, கேரள நர்ஸிங் கவுன்சிலிலும் பதிவு செய்த பிறகே இங்கே வேலையில் சேர வேண்டும்.

சரி, கண்காணிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் என்ன எழுதுவது? நோயாளியின் பெயர், ஐ.பி. எண், வார்டு, தேதி, நடந்த நேரம், என்ன நடந்தது. இவ்வளவு போதும். பாராட்டாக இருந்தாலும் எழுதுங்கள், அதையும் பதிவு செய்வார்கள். நர்ஸின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. நேரத்தைச் சரியாகக் குறித்தால், அப்போது ட்யூட்டியில் யார் இருந்தார்கள், வார்டில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்பதை ஒப்படைப்புப் பதிவேட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.